ஒற்றை முள் கடிகாரம்

ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் விட்னி என்றொரு சந்தை ஊர். கம்பளிப் போர்வைக்குப் பேர்போனது. 1721இல் கட்டிய கம்பளி மண்டபம் இன்னும் நிற்கிறது. அதன் கடிகாரத்தில் ஒரே முள்தான், நிமிட முள்ளே கிடையாது! அப்போது யாருக்கு அவ்வளவு அவசரம்? நெசவாளர்கள் போர்வைகளை இங்கே கொண்டுவருவார்கள். எடை போட்டு, அளந்து, தரம் பார்ப்பார்கள்.

விண்ட்ரஷ் ஆற்றுத் தண்ணீர் விசையில் ஓடிய மரச் சம்மட்டிகள் ஈரத் துணியை அடித்து அடித்துக் கெட்டியாக்கும். ஹட்சன் பே கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனம் இந்தப் போர்வைகளைக் கனடாவுக்குக் கொண்டுபோய், பீவர் என்ற விலங்கின் தோலுக்கு மாற்றியது. ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கு ஒரு தோல் விலை என்பார்கள், அது சும்மா கதை. கோடுகள் போர்வையின் அளவைச் சொல்லும் குறி, அவ்வளவுதான்.

கடைசி ஆலையும் 2002இல் மூடிவிட்டது.