இரண்டு கட்டையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா: நாகர்கோவில் ஒத்திகைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

இன்று முதல் முழு ஒத்திகை. எட்டு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக்கு எடுத்த ஒரு டபுள் பாஸ், கீபோர்டு, புல்லாங்குழல், மிருதங்கம், கடம். நாதஸ்வரமும் தவிலும் அடுத்த வாரம் சேரும். திருவோணத்துக்கு மறுநாள், செப்டம்பர் 6 சனிக்கிழமை நிகழ்ச்சி. ஒன்றேகால் மணி நேரம் வாய்ப்பாட்டே கிடையாது, எல்லாம் வாத்தியம்.

எனக்கு இந்த ஆசை வந்தது கிரேக்க இசையமைப்பாளர் யான்னியின் ஏதென்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். 1993 செப்டம்பரில், அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் அரங்கில் நடந்தது. இசை யான்னியுடையது, வாசித்தது லண்டன் ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் ஈரானில் பிறந்த ஷாஹ்ர்தாத் ரொஹானி. யான்னிக்கு வழக்கமான ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் இசையை எழுதும் முறை, கிடையாது, தனக்கென்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு ஆர்கெஸ்ட்ராவே வாசிக்க முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய தைரியம்.

எங்கள் அறையிலும் இசையை எழுதும் முறை மூன்று ஓடுகிறது. வயலின் பிள்ளைகளுக்கு ஸ்டாஃப். குழலுக்கும் மிருதங்கத்துக்கும் ஸரிகம. டபுள் பாஸ் வாசிக்கும் பெரியவர் சர்ச் குயரில் ஆயுசு முழுக்க பேஸ் (கீழ்க்குரல்) பாடியவர், அவருக்கு டோ, ரே, மீ என்று எழுதும் டானிக் சோல்ஃபா இருந்தால் போதும். இது குழப்பம் என்று ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வென் பரப்பிய அந்த முறையில் டோ எந்தச் சுருதியிலும் உட்காரும். நம் ஸட்ஜமும் அப்படித்தான். பெரியவர் குழல்காரரின் தாளை எட்டிப் பார்த்து, "இது எனக்குத் தெரிஞ்ச பாஷைதான்" என்று சொல்லிவிட்டு மோகன ராகத்தை அப்படியே பிடித்துக்கொண்டார். குமரி மாவட்டத்தில் ஒரே தெருவில் சர்ச்சின் நாலு குரல் கீர்த்தனையும் கோயில் மேளமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வெளியூர் சமாச்சாரமே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

நாதஸ்வர அண்ணன் வந்தார். சுசீந்திரம் பக்கம். நீளமான பாரி நாதஸ்வரம், சுருதி இரண்டு கட்டை, மேற்கத்தியக் கணக்கில் டி. அதனால்தான் முழு நிகழ்ச்சியையும் டி-யில் எழுதியிருக்கிறேன். வயலின், வயோலா, செல்லோ மூன்றிலும் டி, ஏ திறந்த தந்திகளாகவே இருக்கின்றன. டி ஸ என்றால் ஏ ப, அதனால் ஸ-வும் ப-வும் தானாக முழங்கும்.

அவர் உடனே வாசிக்கவில்லை. ஊதும் நாணலான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டார். பிறகு குழலின் உச்சியில் இருக்கும் கெண்டையில் செருகி, மெல்ல ஊதி, இன்னும் ஒரு நூல் உள்ளே தள்ளி, மறுபடி ஊதினார். முன்வரிசைப் பிள்ளைகள் வில்லை மடியில் வைத்துவிட்டு அந்த விரல்களையே பார்த்தார்கள்.

மோகனம் சுகமாகப் போனது. கீரவாணியும் அப்படியே, அது மேற்கத்தியர்களின் ஹார்மோனிக் மைனர்தானே. சிக்கல் தோடியில் வந்தது. ஆலாபனைக்கு அடியில் டி மைனர் கோர்டு, அதாவது ஸ, க, ப மூன்றும் சேர்ந்த ஒலி, மெதுவாக எழும்பி நிற்பதாக எழுதியிருந்தது. இரண்டாம் வயலினும் வயோலாவும் அதன் க-வை, காந்தாரத்தை, நீட்டிப் பிடித்தன. அண்ணன் நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"மக்ளே, உனக்க பிள்ளைகள் காந்தாரத்தை ஒரே இடத்துல ஆணி அடிச்சு நிறுத்திப் போட்டா, நான் அதை எங்க கொண்டுபோய் அசைக்கது?"

கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற சுரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் உயிர். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ராத்திரி முழுக்க தோடியைத் திருப்பி எழுதினேன். இந்த வகை இசையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: கோர்டு ராகத்துக்கு மெத்தை போடலாம், வேலி போடக் கூடாது.

காந்தாரத்தை எல்லாத் தந்திகளிலிருந்தும் எடுத்துவிட்டேன். பாஸும் செல்லோவும் ஸ மட்டும். தோடியில் பஞ்சமத்தைத் தொடாமலே போகிற பிடிகள் நிறைய உண்டு, அதனால் வயோலாவின் ப-வும் அண்ணன் பஞ்சமத்தில் வந்து இறங்கிய பிறகுதான் நுழையும். வயலின்கள் அதுவரை மௌனம். அவர் ஒரு சஞ்சாரத்தை முடித்து மூச்சு எடுக்கும் இடத்தில், கடைசி இரண்டு சுரத்தை மட்டும் வயலின்கள் நீட்டிப் பிடித்து அவரிடமே திருப்பிக் கொடுக்கும். மேற்கத்திய முறைப்படி மூன்றாம் சுரம் இல்லாத கோர்டு காலி கோர்டுதான். ஆனால் அந்தக் காலியிடம்தான் அண்ணனுக்கு நடமாட்டம்.

மதியம் வாசித்துப் பார்த்தோம். அண்ணன் நிறுத்தவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மிஸ்ர சாப்பு, ஏழு எண்ணிக்கைத் தாளம். எழுதிய தாளில் 7/8 என்று போட்டிருந்தது, பிள்ளைகள் ஒன்று முதல் ஏழு வரை எண்ணி எண்ணித் தடுமாறினார்கள். மிருதங்கக்காரர் எழுந்து வந்து வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "தகிட தகதிமி" என்று எல்லோரையும் கை தட்டிச் சொல்ல வைத்தார். மூன்றும் நாலும். அரை மணி நேரம் அது மட்டும். அதற்கப்புறம் ஒருவரும் எண்ணவில்லை. செல்லோ வாசிக்கும் பையன் டீ குடிக்கும்போதும் காலால் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 23, சனி

மழைச்சாரல், கடல் காற்று. வயலினின் தந்தி முறுக்கும் பிரடைகள் ஒன்றும் நிற்கவில்லை, மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. பாதி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போயிற்று.

கீபோர்டு தம்பி எல்லோர் காதிலும் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் டிராக் வேண்டும் என்று கேட்டான். கீரவாணிக்குச் சரி. தோடிக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆலாபனையில் காலம் அண்ணனின் மூச்சில் இருக்கிறது. பின்னணி ஒலிகளைப் பதிவிலிருந்து ஓட்டாமல், அவரைப் பார்த்துக் கையால் வாசிக்க வேண்டும். தம்பி கொஞ்சம் முகம் சுருக்கினான், ஆனால் சாயங்காலத்துக்குள் அவனுக்கே அது பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. அண்ணனும் தவில்காரரும் கோயிலில். தந்திகள் மட்டும் உட்கார்ந்தோம், ஒத்திகையைவிடப் பேச்சுதான் அதிகம்.

வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே, அதை ஏன் நம் வாத்தியம் என்கிறோம் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர் பக்கம்தான், அதன் பழைய தலைநகரம் நம் பத்மநாபபுரம். அங்கே இருக்கிற நவராத்திரி மண்டபத்தை அவள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறாள். மன்னர் நவராத்திரிக்கு என்று அமைத்த ஒன்பது கீர்த்தனைகளில் நாலாம் நாளுக்குரியது தோடி என்று சொன்னதும் அவள் தன் தாளில் குறித்துக்கொண்டாள்.

கலப்பு இசை என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி எனக்கு ஆகாது. ஆயத்தமாக இருக்கும் கீபோர்டு ஒலியின் மேல் நாலு வரி குழல் ஆலாபனையை ஒட்டிவைத்தால் அது இரு மரபின் சந்திப்பு ஆகாது. யாரும் யாரையும் கேட்கவில்லை அங்கே. நேரில், ஒரே மேடையில் இருந்தால் கேட்டே ஆக வேண்டும். ஜப்பானிய இசைக்கலைஞர் கிதாரோவை அதனால்தான் மதிக்கிறேன்: 1980-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியின் பட்டுப்பாதைத் தொடருக்கு சிந்தசைசரில் இசை செய்தவர், பிறகு மேடையில் டைகோ முரசுகளை முழக்கினார். யான்னி 1997-இல் ஆக்ராவில் தாஜ்மகாலை ஒட்டியும், அதே ஆண்டு பெய்ஜிங்கில் பழைய அரண்மனை வளாகத்திலும் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். நம் இளையராஜா இந்த மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்துத் தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றினார். அது முழுக்க மேற்கத்திய வடிவம். என் பிள்ளைகளுக்கு அவர் 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலைத் தந்திகளோடு பேசவிட்டதைத்தான் போட்டுக் காட்டினேன். இந்த பிப்ரவரியில் நியூ ஏஜ் பிரிவு கிராமி விருது சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டனுக்கும், தென்னாப்பிரிக்கக் குழல் கலைஞர் வூட்டர் கெல்லர்மனுக்கும், ஜப்பானிய செல்லோ கலைஞர் எரு மட்சுமோட்டோவுக்கும் சேர்ந்து கிடைத்தது. செல்லோ பையனுக்கு அந்த மூன்றாவது பெயர்தான் முக்கியம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அரங்கில் ஒலிப் பரிசோதனை. ஒரு நாதஸ்வரமும் தவிலும் பதின்மூன்று தந்தி வாத்தியங்களை அப்படியே விழுங்கிவிடும். மைக்கைக் குறைப்பதால் ஆகாது, அவற்றுக்கு மைக்கே வேண்டாம். மேடையின் பின்பக்கம், இடது மூலையில் இருவரையும் உட்கார்த்தினோம். அணசு, அதாவது நாதஸ்வரத்தின் விரிந்த வாய், பக்கச் சுவரைப் பார்த்திருக்கும்படி. தந்திகள் முன்னால் அரைவட்டம், ஒவ்வொன்றுக்கும் கிளிப் மைக். பின்னாலிருந்து நாதஸ்வரம் சுவரில் பட்டு வந்தபோது அதன் கூர்மை போய், வெளிப்பிராகாரத்தில் நின்று கேட்கிற குரலாக இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

உத்திராடம், திருவோணத்துக்கு முந்தின நாள். ஒத்திகை இல்லை. செல்லோ பையனின் வீட்டார் தோவாளையில் பூ வியாபாரம், கேரளத்துக்குப் பூ ஏற்றும் அவசரத்தில் அவனும் சந்தையில்.

செப்டம்பர் 6, சனி (இரவு 12 தாண்டி)

முடிந்தது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

தொடங்குமுன் அண்ணனைக் கால் மணி நேரம் தனியாக ஊதச் சொன்னோம். குழலுக்குள் காற்று சூடாக ஆகச் சுருதி ஏறும். ஏறி நின்ற ஸட்ஜத்தை அளந்தால் 297 ஹெர்ட்ஸ். மேற்கத்திய அளவில் டி 293.7 மட்டும்தான். வழக்கமாக ஆர்கெஸ்ட்ரா ஏ 440-க்குச் சுருதி சேர்க்கும், நாங்கள் 445-க்குச் சேர்த்தோம். கீபோர்டிலும் ஃபைன் டியூனை ஏற்றினோம். ஒரு நாதஸ்வரத்துக்காக மொத்த மேடையும் தன் சுருதியை மாற்றிக்கொண்டது. எனக்கு இந்த நிகழ்ச்சியில் மிகப் பிடித்த இடம் அதுதான், கேட்க வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

மோகனத்தில் வயலின்கள் கொஞ்சம் பதற்றம். கீரவாணி நன்றாக விழுந்தது. மிஸ்ர சாப்பில் தவிலும் செல்லோக்களும் "தகிட தகதிமி"யை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டபோது கூட்டமே தொடையில் தட்டியது. ஒரு சுற்று முடிந்ததும் தவில்காரர் செல்லோ பையனைப் பார்த்துத் தலையசைத்து, எழுதியிராத இன்னொரு சுற்றை ஆரம்பித்தார். பையன் விடவில்லை, கூடவே போனான்.

தோடியில் அண்ணன் பஞ்சமத்துக்கு வரவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்து காந்தாரத்திலேயே நின்றார். வயோலாக்கள் வில்லைத் தந்தியின் மேல் வைத்தபடி காத்திருந்தன. நான் கையை இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் ப-வில் இறங்கிய அதே நொடியில் இருவரும் சேர்ந்து நுழைந்தார்கள், என் கை அசையாமலே. பல வருஷமாக நான் கேட்க விரும்பிய ஒலி அது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பதிவைக் கேட்டேன். கிளிப் மைக்குகளில் வயோலாவின் கீழ்த்தந்தி போதவில்லை, அடுத்த முறை கிளிப்பை அந்தத் தந்திக்கு இன்னும் நெருக்கமாக மாட்ட வேண்டும். கடம் பல இடங்களில் கேட்கவே இல்லை, அதற்குத் தனி மேடைப்பலகை போட வேண்டும்.

காலையில் அண்ணன் போன் பண்ணினார். "மக்ளே, அடுத்ததுக்கு பைரவி வைப்போம், கேட்டியா?" பைரவியில் இரண்டு தைவதமும் (த சுரத்தின் இரு வகையும்) வரும், எந்தத் தைவதத்துக்கு அடியில் எந்தத் தந்தி நிற்கலாம் என்று இப்போதே தாளில் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வயோலாவுக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் வயலின் வாசிக்கிற பிள்ளைகள் யாருக்காவது வயோலாவுக்கு மாற விருப்பமிருந்தால் ஞாயிறு மதியம் வரட்டும், வாத்தியம் எங்களிடம் இருக்கிறது.