ஆவணத்தில் உள்ளதெல்லாம் ஓட வேண்டும்

தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் சிறிய லைப்ரரி ஒன்றை, அதாவது பிறர் தங்கள் நிரலில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை, பைத்தான் நிரல்மொழியில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டுப் பராமரித்து வருகிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. இகரக் கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. நமக்கு அது 3 எழுத்து. அந்த 3-ஐச் சொல்வதுதான் என் லைப்ரரியின் வேலை.

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை ஒருவர், மாணவர்களுக்குக் குறுக்கெழுத்து தயாரிக்க அதை எடுத்துக்கொண்டார். தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். "தம்பி, நீங்க எழுதியிருக்கிறதை அப்படியே தட்டினேன், எர்ரர் வருது. ரெண்டு நாளா நான்தான் தப்புப் பண்றேன்னு நினைச்சேன்."

தப்பு என்னுடையது. ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டு, லைப்ரரியை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் ஆவணத்தைத் திருத்தாமல் விட்டிருந்தேன். அவருடைய அந்த இரண்டு நாள் என்னை இன்னும் உறுத்துகிறது.

அன்றிரவே டாக்டெஸ்டைத் தொடங்கினேன். பைத்தானோடு கூடவே வருவதுதான். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்த்து, கீழே நாம் எழுதிய விடையோடு அப்படியே ஒப்பிடும். முதல் தடவை 30 எடுத்துக்காட்டுகளில் 9 தேறவில்லை. பெரும்பாலும் நான் இரட்டை மேற்கோள்குறி போட்ட இடத்தில் பைத்தான் ஒற்றைக்குறி போட்டதுதான் காரணம். அரை மணி நேர வேலை.

'கொடி'தான் ஒரு வாரம் வாங்கியது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பையும் காலையும் வெவ்வேறாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டாவது வகை வந்தால் என் லைப்ரரி 'கெ', தனிக் கால், 'டி' என்று 3 துண்டாக்கியது. உள்ளே வரும் எல்லாவற்றையும் முதலில், பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது. ஆனால் அதற்கான சோதனையில் சொல்லைத் தட்டிவைத்தால் அது எந்த வகை என்று பார்ப்பவருக்குத் தெரியாதே! அதனால் அங்கே மட்டும் குறியீட்டு எண்களாகவே எழுதினேன்.

அப்புறம், சோதனைகளைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓட விட்டேன். லினக்ஸில் பச்சை, விண்டோஸில் சிவப்பு. சொற்பட்டியல் கோப்பைத் திறக்கும்போது, அது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்று நான் குறிப்பிடவில்லை. விண்டோஸில் அது பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தில் படிக்கப்பட்டது. யூடிஎஃப்-8இல் நம் புள்ளிக்கு 3 பைட். அதன் மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பழைய குறியாக்கத்தில் எழுத்தே இல்லை. ஆகவே முதல் மெய்யெழுத்திலேயே நிரல் நின்றுவிட்டது. ஆசிரியையின் மடிக்கணினியும் விண்டோஸ்தான். பெயர்ப் பிழையைத் தாண்டியிருந்தால் அடுத்து இங்கேதான் விழுந்திருப்பார்.

இப்போது ஆவணத்தின் முதல் எடுத்துக்காட்டு அவர் அனுப்பிய வகுப்புச் சொற்கள். யார் புல் ரிக்வெஸ்ட் (நிரலில் சேர்க்கச் சொல்லும் மாற்றம்) அனுப்பினாலும் முதலில் அதுதான் ஓடுகிறது.