லொறி போகாத ரோடுகள்

கல்முனை–மட்டக்களப்பு ரோட்டில் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒன்றையொன்று முந்தும் பஸ்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் ஆட்டோக்கள், கார்ப்பட் போட்டபிறகு தலைதெறிக்கப் பறக்கும் மோட்டார்சைக்கிள்கள். களுவாஞ்சிகுடியில் பிறந்து வளர்ந்தும் அந்த ரோட்டில் நான் சைக்கிளோடு போவது கடைக்கு மட்டும்தான்.

"வாகனம் இல்லாத ரோடு எங்க இருக்கு?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். சைக்கிளுக்கென்று யாரும் நமக்கு ரோடு போட்டுத் தரவில்லை. சில நாடுகளில் கைவிட்ட ரயில் பாதையைச் சைக்கிளுக்கு விட்டுவிடுகிறார்கள். இங்கே ரயிலே மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதனால் மெப்பை விரித்தால் லொறியை எது மறிக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். மறிப்பதைத் தாண்டிவிட்டால் சைக்கிளுக்கு ரோடு கிடைக்கும்.

முதலில் மறிப்பது மட்டக்களப்பு வாவி. 56 கிலோமீற்றர் நீளத்துக்கு கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு கிடக்கிறது. பாலம் உள்ள இடமெல்லாம் வாகனமும் உண்டு. மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை ரோட்டில் பழைய அமைதி இல்லை. ஆகவே நான் குருமண்வெளியில் படகுப் பாதை என்கிற மிதவையில் ஏறி மண்டூருக்குப் போகிறவன். தட்டையான மேடை, ஓரத்தில் கம்பி, நடுவில் நெருக்கி நிறுத்திய மோட்டார்சைக்கிள்கள். சைக்கிளைக் கம்பியில் சாய்த்து, முன் பிரேக்கைப் பிடித்தபடி நிற்கவேண்டும், மறுகரையில் முட்டும்போது ஒரு தள்ளுத் தள்ளும். காற்று கூடின நாளில் தண்ணீர் செயினில் தெறிக்கும். உப்புத்தண்ணி, வீட்டுக்கு வந்ததும் கழுவி எண்ணெய் விடாவிட்டால் ரெண்டு நாளில் துரு.

அந்த இடத்துக்குப் பாலம் வேண்டும் என்பது மண்டூர்ச் சனத்தின் பல வருசக் கோரிக்கை. இரவில் ஒருவருக்கு வருத்தம் என்றால் வெல்லாவெளியால் சுற்றிக்கொண்டு ஓடவேண்டும். கேட்பது முழு நியாயம். பாலம் வந்தால் எனக்கு ஒரு நல்ல ரோடு குறையும், பரவாயில்லை.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அங்கே கும்பிட்டுவிட்டு வெல்லாவெளிப் பக்கம் திரும்பினால் இரண்டு பக்கமும் வயல். மாசி, பங்குனியில் ரோட்டின் பாதியில் நெல் காயும், மற்றப் பாதியில்தான் சைக்கிள். பட்டிருப்புப் பாலத்தால் வீட்டுக்குத் திரும்பலாம். எனக்கு அது காணாது, நவகிரிக் குளத்துப் பக்கம் ஏறிவிடுவேன்.

வாய்க்கால் கட்டுதான் எங்கள் பக்கத்தின் உண்மையான சைக்கிள் ரோடு. ஒரு உழவு மெசின் போகும் அகலம், மேலே கிரவல், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். மெல்லிய டயர் வேண்டாம், கிரவல் கூர் அதைக் கிழித்துவிடும். ஒன்றே முக்கால் அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் முதுகு தப்பும். கட்டு தொடங்கும் இடத்தில் குறுக்கே இரும்புக்குழாய் போட்டுப் பூட்டியிருந்தால் எனக்குச் சந்தோசம். காவல்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் சைக்கிளை அந்தப் பக்கம் தூக்கி வைக்கலாம்.

ஆனால் காலை ஆறரைக்கு முந்தியும் பின்னேரம் நாலரைக்குப் பிந்தியும் குளத்தடியில் நிற்கக்கூடாது. பரணில் இருந்த ஒரு வயோதிபர் என்னை மறித்து, வாய்க்கால் கட்டில் கிடந்த யானை லத்தியைத் தடியால் காட்டினார். "ஆவி பறக்குது பாத்தியா மகன்? கிட்டத்தான் நிக்கிது." திரும்பிவிட்டேன். சைக்கிளில் வருகிறவனை யானை கேட்கவே கேட்காது, அதுதான் ஆபத்து. ஆட்கள் இல்லாத வளைவுகளில் நான் மணியை அடித்துக்கொண்டே போவேன்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசும். ஒன்பது மணிக்கு மேல் மேற்கே மிதிப்பது தண்டனை. விடியற்காலையில் மேற்கே போய்விட்டால் திரும்பும்போது அதே கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளும்.

சரி, மலை? மட்டக்களப்பில் மலை என்றால் குடும்பிமலை. கிரானால் போகவேண்டும். மாரியில் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும், அப்போது சனத்துக்கே படகுதான். கால் நோகும் ஏற்றம் வேண்டுமென்றால் ஊவா மாகாணத்துக்குத்தான் போகவேண்டும். செங்கலடியிலிருந்து கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளைக்கு ஏறும் ரோடு அது. நான் அதில் மேலே மிதிப்பதில்லை. மட்டக்களப்புச் சந்தைக்கு மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறி ஒன்றில் சைக்கிளோடு ஏறி, பசறையில் இறங்கிக்கொள்வேன். லொறிக்குப் பயந்து ரோடு தேடுகிறவன் லொறியில் போகிறான் என்று டிரைவர் அண்ணன் சிரிப்பார்.

பசறையில் பிரதான ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்ட ரோடுகளில் நுழையவேண்டும். 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகல ஒரு பக்கத்தில் நிற்கும், அதை வைத்துத் திசை பிடிக்கலாம். பழைய தோட்ட ரோடுகள் மலையைச் சுற்றிச் சுற்றிச் சாய்வாக ஏறும், கல் பெயர்ந்திருந்தாலும் கால் தாங்கும். பிற்காலத்தில் கொங்கிரீட் போட்ட குறுக்கு ஏற்றங்கள்தான் மூச்சை வாங்கும். கியரில் முன்னுக்கு 32 பல், பின்னுக்கு 34 பல் இருந்தால் இருந்தபடி மிதிக்கலாம். வீட்டு லுமாலா சைக்கிளில் போனால் தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டும், அதிலும் வெட்கமில்லை.

அங்கே வரும் ஒரே பெரிய வாகனம் கொழுந்து லொறி. கொழுந்து நிறுக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டால் மற்ற நேரத்துக்கு ரோடு உங்களுக்குத்தான். வழி கேட்பதற்கும் போனைவிட அங்குள்ளவர்கள்தான் நம்பிக்கை. "அண்ணே, மேல ரோடு ஒடஞ்சி கெடக்கு, லயத்துக்குப் பின்னால போங்க" என்று கூடையோடு நின்ற அக்கா காட்டிய ஒற்றையடிப் பாதை எந்த மெப்பிலும் இல்லை.

இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால் றிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, பிறகு விடவேண்டும். புதுப் பிரேக் கட்டை இரண்டு சோடி பையில் இருக்கட்டும்.

கிழக்குக்கும் ஊவாவுக்கும் வெயில்காலம் ஒன்றாக வருவது வசதி. ஆனியிலிருந்து புரட்டாதி நடுவரை போகலாம். ஐப்பசி பிறந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளை மூடியதும் பதுளை மாவட்டத்தில்தான். மழை பெய்யும்போது அந்தச் சரிவுகளில் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் விட எனக்கு மனம் வராது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் லுணுகலைக்குக் கீழே வெக்கை திரும்ப ஏறும். பிபிலையில் தோடம்பழம் வாங்கலாம். மகாஓயாவில் வெந்நீரூற்று இருக்கிறது. வெயிலில் வந்து சுடுதண்ணியில் கால் வைப்பது விசர் வேலைபோலத் தெரியும், ஆனால் இறுகின கெண்டைக்கால் இளகும். அங்கிருந்து புல்லுமலை வரை காடு, யானை நடமாட்டம். மகாஓயாவில் நிற்கும்போதே மூன்று மணி தாண்டிவிட்டால் மட்டக்களப்பு பஸ்ஸை மறியுங்கள். கடைசிச் சீட்டுக்குப் பின்னால் இடமிருந்தால் கொண்டக்டர் சைக்கிளை ஏற்றுவார், முன் சில்லைக் கழற்றச் சொல்லுவார், சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.