பொருள் ஓனர் கையைவிட்டு எப்படிப் போனது?

சி.ஏ. ஃபவுண்டேஷன் பாஸ். பிசினஸ் லாவில் போன தடவை 36, இந்தத் தடவை 61. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

போன தடவை என்னைக் கவிழ்த்தது சேல் ஆஃப் குட்ஸ் ஆக்ட், 1930, அதாவது பொருள் விற்பனைச் சட்டம். திருட்டுப் பொருள் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர் பற்றிய கேள்வி. "நல்லெண்ணத்தில் வாங்கினார், எனவே டைட்டில் (உரிமை) அவருக்கே" என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படிக்காமல் வந்த தப்பு இல்லை. என் அண்ணன் மின்ட் பக்கம் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினான். இரண்டே மாதத்தில் போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது. அதன் சார்ஜர் இன்னும் எங்கள் பீரோவில் சுருட்டி வைத்தபடி கிடக்கிறது. பரீட்சை ஹாலில் நான் அண்ணனுக்காக வாதாடிவிட்டேன்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை யாராலும் கைமாற்ற முடியாது, செக்‌ஷன் 27-ன் உயிரே அதுதான். விற்பவனுக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது செக்‌ஷன் 14. வாங்கியவர் விற்றவன் மேல் அதை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவுதான்.

இந்தத் தடவை கேள்வியைப் படித்ததும் எனக்குள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பொருள் ஓனர் கையைவிட்டு எப்படிப் போனது? வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

களவு போனதா? ஓனருக்கே. மற்றவை, விவரம் தெரியாமல் வாங்கியவரைக் காப்பாற்றக்கூடிய விதிவிலக்குகள், எண்கள் எல்லாம் செக்‌ஷன்கள்:
ஓனரே வியாபார ஏஜென்டிடம் கொடுத்ததா? 27-ன் ப்ரொவைசோ (அதே செக்‌ஷனில் வரும் விதிவிலக்கு). வழக்கமான வியாபாரப் போக்கில் விற்றானா என்று பாருங்கள்.
கூட்டு உரிமையாளர்கள் சம்மதித்து ஒருவரிடம் மட்டும் விட்டதா? 28.
விற்ற பிறகும் விற்றவரிடமே இருந்ததா, அல்லது வாங்க ஒப்புக்கொண்டவர் கைக்கு முன்னதாகவே வந்துவிட்டதா? 30.
ஏமாற்றி வாங்கியதா? 29.

29-ல் நிதானமாக இருங்கள், அங்கே தேதிதான் எல்லாம். பொய் சொல்லி மோதிரம் வாங்கியவன் புதன்கிழமை விற்றுவிட்டான், கடைக்காரர் வெள்ளிக்கிழமைதான் ஒப்பந்தத்தை ரத்து செய்தார் என்றால், விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு மோதிரம் சொந்தம். செவ்வாயே ரத்து செய்திருந்தால் 29 அவருக்குக் கைகொடுக்காது. நான் இரண்டு தேதிகளையும் வட்டம் போட்டுவிட்டுத்தான் பேனாவைப் பேப்பரில் வைத்தேன்.

கேஸ் பெயர்களை நான் அதிகம் மனப்பாடம் செய்யவில்லை. செக்‌ஷன், கதைக்குப் பொருந்தும் காரணம், முடிவு. மூன்று பத்தி போதும்.

ரிசல்ட் வந்த ராத்திரி அண்ணனுக்கு 14-ஐ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். போன் விற்றவன் கடையைக் காலி செய்துவிட்டுப் போய் வெகுநாளாகிறது.