செத்த பூனையும் காக்கைகளும்

எங்கள் தொழிலில் காக்கைக்கென்று தனிப் பெயர் கிடையாது. லாரி ஹாரன், பக்கத்துத் தெருவில் ஓடும் டிரில்லிங் மெஷின், ஐஸ் வண்டி மணி, காக்கை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: நாய்ஸ். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்யும் சிங்க் சவுண்ட் வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஆட்டோக்களை நிறுத்தத் தெருமுனையில் ஓர் உதவி இயக்குநரை நிற்க வைக்கலாம். டிரில்லிங்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைக்கலாம். காக்கையிடம் யார் போய்ப் பேசுவது?

அதன் குரல் வந்து விழும் இடமும் அப்படி. மனிதப் பேச்சில் சொல் தெளிவாகப் புரிய 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முக்கியம். காக்கைக் குரலின் கனமும் ஏறக்குறைய அங்கேதான் வந்து உட்காருகிறது. ஃபேன் இரைச்சல் அதற்குக் கீழே, தாழ்ந்த சுருதியில் இருக்கும், அதை மட்டும் வெட்டிவிடலாம். காக்கையை வெட்டினால் வசனத்தின் மெய்யெழுத்துகளும் கூடவே போய்விடும்.

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், கொல்லையில் வேப்பமரம். மே மாதம். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் இரண்டு பக்கக் காட்சி. பூம் பிடிக்கும் தம்பி வேலைக்குப் புதுசு. பூம் கம்பியின் நுனியில் மைக். காற்று இரையாமல் இருக்க அதன் மேல் சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று ஒரு ரோம உறை. அந்த உறைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் ‘டெட் கேட்’. செத்த பூனை. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

தம்பி முற்றத்தில் நின்று கம்பியை உயர்த்தினான். ஹெட்போனில் வழக்கமான ‘கா... கா’ வரவில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு, இடைவெளியே விடாமல், ‘க்ர்ரா க்ர்ரா க்ர்ரா’ என்றொரு சத்தம். இரண்டு காக்கை ஐந்தானது. ஐந்து இருபதானது. ஓட்டு விளிம்பு முழுக்கக் கறுப்பு. ஒன்று கீழே பாய்ந்து மைக்கையே கொத்தியது. ஹெட்போன் போட்டிருந்த எனக்கு என் காதுக்குள் கொத்தியதுபோல இருந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். அடுத்தது தம்பியின் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

தயாரிப்பு நிர்வாகி ஒரு யோசனை சொன்னார். பட்டாசு. நானும் தலையாட்டினேன், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கொல்லையில் இரண்டு வெடி போட்டார்கள். காக்கைகள் எழும்பின, ஒரு வட்டம் அடித்தன, அடுத்த தெருக் காக்கைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. அதற்குப் பிறகு மதியம் வரை ஒரு டேக்கூட ஓகே ஆகவில்லை. இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் காக்கைகளை வளர்த்ததே நான்தான் என்பதுபோல இருந்தது.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னார்: “யப்பா, மரத்துல கூடு இருக்கு, குஞ்சு பொரிச்சிருக்கு. நீ பூனையத் தூக்கித் தூக்கிக் காட்டுனா அது சும்மா வுடுமா?”

சரி என்று பூமைப் பெட்டியில் வைத்து மூடினோம். நடிகர்களின் சட்டைக்குள் லேப்பல் மைக்கை ஒட்டி மீதியை எடுத்தோம். சாயங்காலம் நாலரைக்குள் காட்சி முடிந்தது.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. தம்பி கையில் ஒன்றுமில்லை. வேறு சட்டை, தலையில் தொப்பி. லைட்மேன்கள், மேக்கப் ஆட்கள் என்று பத்துப் பேர் முற்றத்தைக் கடந்தார்கள், காக்கைகள் கண்டுகொள்ளவே இல்லை. தம்பி நுழைந்ததும் அதே ‘க்ர்ரா’. அவன் என் பக்கம் திரும்பி, “அண்ணே, என்னைத் தெரிஞ்சு வச்சிருக்குண்ணே” என்றான். சிரிக்கத்தான் செய்தேன்.

அப்புறம் படித்தபோது சிரிப்பு போய்விட்டது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் 2006-ல் ஒரு குகைமனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டிவிட்டு விட்டிருக்கிறார். அதன் பிறகு அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் காக்கைகள் திட்டித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் கற்றுக்கொண்டன, வருடங்கள் போயும் மறக்கவில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் கதை இன்னும் நெருக்கம். ஆஸ்திரியாவில் அவர் வளர்த்த ஜாக்டா என்கிற சின்னக் காக்கைகள், அவர் பையிலிருந்து கறுப்பு நீச்சல் உடையை உருவியதும் அவரையே தாக்கின. கறுப்பாக ஒன்று கையில் தொங்கினால் அவற்றுக்கு அது தங்கள் இனத்தில் ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி. எங்கள் உறையை அவை பூனையாகப் பார்த்தனவோ, செத்த காக்கையாகப் பார்த்தனவோ. வீட்டுக்கார அம்மா சொன்ன பூனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தப் படப்பிடிப்புக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. வெட்டி எறியும் காக்கைச் சத்தங்களைத் தனி ஃபோல்டரில் போட ஆரம்பித்தேன். கூட்டுக்கு ஆபத்து என்றால் நீளமாக, கரகரப்பாக, அடுக்கடுக்காக வரும். மாடியில் யாராவது அமாவாசைச் சோறு வைத்துவிட்டால் குட்டைக் குட்டையாக, விட்டு விட்டு. ஜோடி அருகருகே உட்கார்ந்திருக்கும்போது தொண்டைக்குள்ளேயே முனகும் ஒரு சத்தம் உண்டு, பக்கத்தில் மைக் இருந்தால்தான் அகப்படும். இது என் காதுக் கணக்கு. ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் எனக்கொரு வருத்தமும் உண்டு. வெயில் காலத்தில் குயிலும் டேக்குக்குள் நுழையும். இயக்குநர்கள் தவறாமல் சொல்வார்கள்: “குயில் இருக்கட்டும், காக்காவை மட்டும் எடுத்துடுங்க.” அந்தக் குயிலை அடைகாத்துப் பொரித்து வளர்த்ததே ஒரு காக்கைதானே.

ஒரு பேய்ப்படத்துக்குச் சுடுகாட்டுக் காட்சி. நம்மூர்க் காக்கை போதாது, ‘கனமா’ வேண்டும் என்றார்கள். வெளிநாட்டு ஒலி நூலகத்திலிருந்து ரேவன் என்று பெயரிட்ட ஒரு கோப்பைப் போட்டேன். ரேவன் காக்கை இனத்தில் ஒரு பெரிய பறவை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. ரேவனைத் தமிழில் அண்டங்காக்கை என்று எழுதிவிடுவார்கள், அது தப்பு. நம் அண்டங்காக்கை வேறு பறவை. சென்னை மரங்களில் சாம்பல் கழுத்தில்லாமல் முழுக்கறுப்பாக உட்கார்ந்திருப்பது அதுதான். ரேவன் ஒரு கிலோவைத் தாண்டும், வால் ஆப்பு வடிவம். நம் வீட்டுக் காக்கை சுமார் 300 கிராம். இந்தியாவில் ரேவனைப் பார்க்க இமயமலைக்கோ வடமேற்கு வறண்ட பகுதிக்கோ போக வேண்டும்.

பிறகு ஓர் ஆவணப்பட வேலையாகப் பிகானேர்ப் பக்கம் போனபோது கேட்டுவிட்டேன். முதலில் கேட்டது குரல் இல்லை, சிறகு. தலைக்கு மேலே பட்டுப்புடவை உரசுவதுபோல ஒரு ‘ஸ்ஸ்’. பிறகு ‘க்ரொங்க்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று. கொஞ்சம் கழித்து, மூங்கிலைத் தட்டியதுபோல ‘டொக், டொக்’. பயமே வரவில்லை. என் பேய்ப்படத்தை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று குறள் சொல்கிறது. அதையே கேள்வியாக வைத்துக்கொண்டு பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் பனியில் உட்கார்ந்திருக்கிறார்: செத்த விலங்கு கிடைத்தால் ரேவன் ஏன் ஊரைக் கூட்டுகிறது? கூவுவது இளவட்டங்கள். அந்த இடத்துக்குச் சொந்தக்கார ஜோடி தனியாளை விரட்டிவிடும். கூட்டமாகப் போனால் விரட்ட முடியாது. ஆக கரவாமல் கரைவதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. அதே ரேவன் தீனியை ஒளித்து வைக்கும்போது வேறு முகம். தாமஸ் புக்னியார் என்ற ஆய்வாளரின் குழு 2016-ல் வெளியிட்ட சோதனையில், பக்கத்து அறையில் ஸ்பீக்கர் வைத்து ரேவன் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். சுவரிலிருந்த சின்னத் துவாரம் திறந்திருந்தால், யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல அவை அவசர அவசரமாக ஒளித்தன. மூடியிருந்தால் நிதானம். ஸ்பீக்கரை நம்ப வைப்பதுதான் என் பிழைப்பும் என்பதால் இதை இரண்டு தடவை படித்தேன்.

2024-ல் ஜெர்மனியின் டூபிங்கனிலிருந்து வந்த ஆய்வில், மூன்று காக்கைகள் கேட்ட எண்ணிக்கைக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு முறை வரை கரைந்து காட்டியிருக்கின்றன. முதல் குரலின் ஒலித்தன்மையை வைத்தே மொத்தம் எத்தனை வரப்போகிறது என்று சொல்ல முடிந்ததாம். படித்த அன்றைக்கே என் ஃபோல்டரைத் திறந்து முதல் ‘கா’க்களை மட்டும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திருவல்லிக்கேணி வீட்டில் விடுபட்ட இரண்டு ஷாட்டுக்காக டிசம்பரில் மறுபடி போனோம். கூடு காலி, மரத்தில் நாலைந்து காக்கைகள். தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். “அண்ணே, நீங்க முன்னாடி போங்க.” போனேன். சத்தமே இல்லை. பின்னால் அவன் நிலைப்படியைத் தாண்டியதும் மேலேயிருந்து ஒரே ஒரு ‘க்ர்ரா’.

ரெக்கார்டரை அப்போதே ஆன் செய்திருந்தேன். அந்தக் கோப்புக்கு அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.