பதினாறாவது அழைப்பு

எங்கள் சப்போர்ட் டீமுக்கு வரும் அழைப்புகளில் ஒரே நேரத்தில் எத்தனையை உள்ளே விடலாம் என்பதற்கு லிமிட் 15 என்று நான்தான் போட்டேன். இன்று கேட்டாலும் அதையேதான் போடுவேன்.

கணக்கு எளிது. அழைப்புகள் வரும் நெட்வொர்க் இணைப்பு, அதாவது லிங்க், 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 லட்சம் பிட்). அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.33 எம்பிபிஎஸ், குரலை முதலில் அனுப்பும் முன்னுரிமை க்யூவுக்கு (வரிசைக்கு). குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு துண்டுக் குரல், போகிறது. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரி விவரங்களான ஹெடர்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு காலுக்கு (அழைப்புக்கு) ஒரு திசையில் 87 கேபிபிஎஸ், அதாவது 0.087 எம்பிபிஎஸ், ஆகும். 15 கால் அடங்கும். பதினாறாவதையும் உள்ளே விட்டால், நெரிசல் நேரத்தில் க்யூ மிஞ்சியதை வெட்டும். வெட்டுப்படுவது புதிதாக வந்தவரின் பேச்சு மட்டும் இல்லை. எல்லாப் பாக்கெட்டிலும் இருப்பது 'இது குரல்' என்று காட்டும் ஒரே டிஎஸ்சிபி 46 முத்திரைதான். எது யாருடைய குரல் என்று ரூட்டருக்குத் தெரியாது. நூற்றுக்கு நாலுக்கு மேல் பாக்கெட் தொலைந்துபோய், 16 பேருக்குமே பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் பதினாறாவது ஆளுக்கு பிஸி டோன்.

சப்போர்ட் டீமின் பொறுப்பாளர் என் இடத்துக்கு வந்து கேட்டது இதைத்தான்: "கரகரன்னு கேட்டாலும் பரவாயில்லையே சார். பேசவே விடலன்னா அவர் என்ன பண்ணுவார்?"

"உள்ள பேசிட்டிருக்கற 15 பேர் என்ன பண்ணுவாங்க மேடம்?" என்றேன்.

"அவங்க எனக்குப் புகார் பண்ணுவாங்க. இவர் யார்கிட்ட பண்ணுவார்?"

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு நியாயங்கள் இல்லாமல் இல்லை. குரலுக்கு இன்னும் கொஞ்சம் பேண்ட்வித் ஒதுக்கியிருக்கலாம்தான். ஆனால் பேசும்போதே அவருடைய ஆட்கள் வாடிக்கையாளர் விவரத்தை அதே லிங்க்கில்தான் திறக்கிறார்கள். குரல் தெளிவாகக் கேட்டு, திரை வராமல் நின்றால் அந்தக் காலால் யாருக்கு என்ன பயன்? குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 கோடெக்குக்கு மாறினால் அதே இடத்தில் 40 கால் தாண்டும். குரல் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் அழைப்புகளைப் பதிவு செய்யும் ரெக்கார்டிங் சிஸ்டம் ஜி.711-ஐத்தான் எடுத்துக்கொள்ளும், நடுவில் மாற்றிக் கொடுக்க வேறொரு பெட்டி வேண்டும். அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இவையெல்லாம் சரியான காரணங்கள். அவர் கேட்டதற்கு இவை பதிலாகுமா என்பதில்தான் எனக்குத் தெளிவு வரவில்லை.

அழைப்பைத் திருப்பி அனுப்புவது புதிதல்ல. இத்தனை லைன் இருந்தால் எத்தனை பேர் திரும்பிப் போவார்கள் என்பதற்கு டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1917-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளை அதை வைத்துத்தான் வடிவமைத்தார்கள். அதில் ஓர் அனுமானம் உண்டு: இடம் கிடைக்காத அழைப்பு அப்படியே மறைந்துவிடும், திரும்ப வராது. லாக்கைப் பார்த்தால் ஆட்கள் அப்படி மறைவதில்லை. மறுக்கப்பட்ட எண் உடனே மறுபடி வருகிறது, மறுபடி மறுக்கப்படுகிறது. என் டாஷ்போர்டில் அந்த நேரம் முழுக்கப் பச்சைதான். இழப்பு இல்லை, ஜிட்டர் (பாக்கெட்டுகள் வரும் இடைவெளியில் ஏற்ற இறக்கம்) இல்லை, தாமதம் 150 மில்லிசெகண்டுக்கு வெகு கீழே. நாங்கள் அளப்பது உள்ளே வந்த கால்களின் தரத்தை மட்டும். வெளியே நின்றவருக்குத் தரம் என்று அளக்க எதுவுமே இல்லை.

இப்போது மறுக்கப்பட்ட அழைப்புகளையும் அதே திரையில் காட்டுகிறேன். அதனால் யாருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை.

பிறகு அவர் ஒரு யோசனை அனுப்பினார்: திரும்பத் திரும்ப அழைக்கும் எண்களுக்கென்று 2 இடம் ஒதுக்கி வைக்கலாமே. செய்ய முடியும், நியாயமாகவும் படுகிறது. ஆனால் முதல்முறை அழைப்பவர்களுக்கு லிமிட் 13 ஆகிவிடும். 2 இடம் காலியாக இருக்கும்போதே பதினாலாவது ஆளுக்கு பிஸி டோன் போகும். இதை அவருக்கு எழுதினேன். "அப்ப யாரைத்தான் விடணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று பதில் வந்தது. அந்தக் கோரிக்கை இன்னும் என் பெயரில்தான் நிலுவையில் இருக்கிறது.