பேட்டரி தனி

போன வருடம் பண்டிகைக்கு முன்னால் ஒரு குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்காக ரிமோட் கார் வாங்கி, பளபளக்கும் தாளில் சுற்றி, ரிப்பனெல்லாம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அக்கா சிரித்தார். "உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எந்த வயசுக்குன்னு பிரிக்க முடியும்?" என்று கேட்டுக்கொண்டே, நான் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பதமாக உரித்தார். தாள் கிழியவில்லை. அதை நீவி, மடித்து, தனியே வைத்தார். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பேட்டரி தனி' என்று இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

இந்த முறை பேட்டரியும் கையுமாகப் போனேன், தாள் சுற்றாமல். 3 வயதுக்குக் கீழே என்றால் சின்னச் சின்னப் பாகங்கள் உள்ளதைத் தொடுவதில்லை. பட்டன் பேட்டரி போடும் பொம்மையில் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அப்புறம், 14, 15 வயதுப் பிள்ளைகள். நாமெல்லாம் கரடி பொம்மையாக வாங்கிக் குவிக்கிறோம், இவர்கள் நினைவுக்கே வருவதில்லை. அக்காவிடமே கேட்டேன். ஒரு பையனுக்கு ஹெட்ஃபோன் வேண்டுமாம். கறுப்புதான் வேண்டுமாம்.